கால்வாய் அடைபட்ட ஐப்பசி

ஐம்பத்தாறாம் வருஷம் ஐப்பசியில் திருத்தணியில் இரண்டு பேர் சந்தித்தால் ஒரே பேச்சுதான். ஊர் ஆந்திராவோடேயே இருக்குமா, மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போகுமா? பெயர்ப்பலகைகளில் யாரோ தார் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். கடைத்தெருவில் பாதி நாள் கதவடைப்பு. எனக்கு அந்த எல்லை எதுவும் மனசில் ஏறவில்லை. நான் எகிப்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் புக்ககத்தார் பரம்பரையாக மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைக்கிறவர்கள். மாமனார் விடியுமுன் குளித்துவிட்டு ஈர வேஷ்டியோடு படியேறிவிடுவார். மாமியார் காலமாகி வெகுநாள் ஆகியிருந்தது. என் கணவரும் மலைக்குத்தான் போயிருக்க வேண்டும். அவர் பம்பாய்க்குப் போனார். அங்கே ஒரு சாப்பாட்டுக் கிளப்பில் வேலை என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். உண்மையில் ஒரு சரக்குக் கப்பலில் சமையற்காரராகச் சேர்ந்திருந்தார். கடல் தாண்டியதே குற்றம். மீனையும் மாமிசத்தையும் கையால் தொட்டுச் சமைப்பது அதற்கும் மேல். வெளியே தெரிந்தால் மாமனாரை மடைப்பள்ளிக்குள் விடுவார்களோ மாட்டார்களோ என்று எங்கள் இருவருக்கும் பயம். அதனால் கடிதங்களை அவர் பம்பாய் சிநேகிதருக்கு அனுப்புவார். சிநேகிதர் அதை வேறு உறையில் போட்டு எனக்கு அனுப்புவார்.

கடைசியாக வந்த கடிதத்தில் எழுதியிருந்தார்: 'லண்டனிலிருந்து திரும்புகிறோம். இந்தத் தீபாவளி சூயஸ் கால்வாயில்தான். கங்காஸ்நானம் ஆச்சா என்று கேட்கத்தான் ஆளில்லை.'

அதைப் படித்துச் சிரித்தேன். ஒரு வாரத்தில் அங்கே சண்டை மூண்டுவிட்டது.

மலையடிவாரத்தில் பஞ்சாயத்து ரேடியோ ஒன்று இருந்தது. சாயங்காலச் செய்தி நேரத்தில் தண்ணீர் எடுக்கிற சாக்கில் குடத்தோடு அந்தப் பக்கம் போவேன். ஆண்கள் கூட்டம், கிட்டே நிற்க முடியாது. கலைந்தபிறகு ரேடியோவைப் பார்த்துக்கொள்கிறவரிடம், "எகிப்துப் பக்கம் ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டேன்.

"ஆங், சொன்னாங்கம்மா. சண்டை நடந்துகினுதான் இருக்குது. கால்வாயில கப்பலுங்கள முழுகடிச்சிட்டாங்களாம்."

"எந்த ஊர்க் கப்பல்?"

"அத்தெல்லாம் சொல்லலீங்க. நம்ம ஊரு எந்தப் பக்கம் போவுதுன்னே சொல்ல மாட்றான், அத்த எங்க சொல்லப் போறான்?"

வழியை அடைப்பதற்காக எகிப்துக்காரர்களே கப்பல்களை மூழ்கடித்தார்கள் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு 'முழுகடிச்சிட்டாங்க' என்ற ஒரு சொல்தான் காதில் நின்றது. குடத்தை நிரப்பாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்கப்புறம் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கொல்லைக்குப் போவேன், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவேன். ஒரே குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். பொதட்டூர்பேட்டையிலிருந்து தீபாவளித் துணி கொண்டுவந்தவன், "சாயமெல்லாம் சீமையிலேர்ந்து வரணும்மா. கப்பலு நின்னுபூட்டா எங்க தறியும் நின்னுபூடும்" என்றான். எனக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்திருந்த கவலை அவன் துணிமூட்டையிலும் இருந்தது.

தீபாவளியன்று மத்தியானம் மாமனார் மலையிலிருந்து இறங்கி வந்து இலையில் உட்கார்ந்தார். "மண்ணெண்ணெய் இனிமே கிடைக்காதுங்கறான் கடைக்காரன். எவனோ எவனையோ அடிச்சா நம்மாத்து விளக்கு ஏன் அணையணும்?" என்றார்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "மாமா, அவர் அங்கேதான் இருக்கார்."

"எங்கே?"

"எகிப்துகிட்டே. கப்பல்லே."

"கிளப்புன்னானே?"

"கிளப் இல்லே. கப்பல்லே சமையல் வேலை."

அவர் கை இலையிலேயே நின்றது. பிறகு எழுந்து கை அலம்பினார். கத்துவார் என்று காத்திருந்தேன். என்னைப் பிறந்த வீட்டுக்குப் போகச் சொன்னாலும் சொல்வார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "கப்பலுக்குப் பேருன்னு ஒண்ணு இருக்குமே?"

புடவைப் பெட்டியிலிருந்து கடிதத்தை எடுத்து வந்தேன். தலைப்பில் இங்கிலீஷில் ஏதோ அச்சடித்திருந்தது. எங்கள் இருவருக்கும் படிக்கத் தெரியாது. அதை மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

"மெட்ராஸ் துறைமுகத்திலே கேட்டா சொல்லுவா. மலைக்கு ஆளனுப்பி, எனக்கு உடம்பு சரியில்லேன்னு சொல்லிடு."

சஷ்டி ஆரம்பிக்க இருந்த நேரம். அந்த ஆறு நாளில் அவர் மடைப்பள்ளியை விட்டு நகர்ந்ததே கிடையாது. அவர் பொய் சொல்லியும் நான் பார்த்ததில்லை. வாசலுக்கு வந்து பார்த்தேன். அவர் ஸ்டேஷன் பக்கம் வேகமாக நடந்து போய்க்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் பகலில் திரும்பினார். முகத்தில் நரைத்த முள்தாடி. உள்ளே வருவதற்கு முன்பே சொன்னார்: "இருக்கான்."

தண்ணீர் குடித்தபிறகுதான் மீதி வந்தது. "பண்டிகைன்னு ஆபீஸ் பூட்டியிருந்தது. வாசல்லேயே படுத்துண்டேன். மறுநாள் ஒரு குமாஸ்தா தந்தியைப் பார்த்துச் சொன்னான். கால்வாய்க்குள்ளே போகவே இல்லையாம். வழியிலேயே கப்பலைத் திருப்பிட்டா. ஆப்பிரிக்காவைச் சுத்திண்டு வரணுமாம். மாசி ஆகிடும்னான்."

கடிதத்தின் பின்பக்கத்தில் குமாஸ்தா பென்சிலால் ஆப்பிரிக்காவை வரைந்து கொடுத்திருந்தார். காம்பை மேலே பிடித்த மாங்காய் மாதிரி இருந்தது. அதன் ஓரமாக விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவும் தண்ணியா?" என்று கேட்டார் மாமனார். எனக்குத் தெரியவில்லை.

சஷ்டி முடியும்வரை அவர் மலையேறவில்லை. பொய் சொல்லிவிட்டு ஸ்வாமிக்குச் சமைக்கக் கூடாது என்று நினைத்தாரா, பிள்ளை செய்த காரியம் தன் கையிலும் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தாரா, நான் கேட்கவில்லை. அதற்குள் ரேடியோவில் சண்டை நின்றது என்று சொல்லிவிட்டார்கள். ஊர் மறுபடி எல்லைப் பேச்சுக்குப் போய்விட்டது. ஏழாம் நாள் அவர் வழக்கம்போல் விடியுமுன் குளித்தார். ஈர வேஷ்டியோடு படியேறினார்.

என் கணவர் மாசிக் கடைசியில் வந்தார். பாதியாக இளைத்திருந்தார். மாமனார் அவரைப் பார்த்தார். என்னிடம் திரும்பி, "திருக்குளத்திலே முழுகிட்டு வரச் சொல்லு" என்றார். பிள்ளை எதிரேதான் நின்றுகொண்டிருந்தார். முழுகிவிட்டு வந்ததும் மாமனார் தன் கையாலேயே அவருக்கு அன்னம் பரிமாறினார். அடுத்த ஆடியில் என் கணவர் மறுபடியும் கப்பலுக்குப் போனபோதும் தடுக்கவில்லை.

அதிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் படித்து முடித்த பேப்பரைத் தினமும் வாங்கி வந்து நான் வாசிப்பேன். மாமனார் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் லெபனான் என்று வரும், ஒரு நாள் ஈராக், ஒரு நாள் சீனாவுக்குப் பக்கத்தில் ஏதோ தீவு. எந்த தேசத்தில் துப்பாக்கி வெடித்தாலும் அவருடைய கேள்வி ஒன்றுதான்.

"அந்த ஊருக்குக் கடல் உண்டோ?"

உண்டு என்றால் எழுந்துவிடுவார். வாசலுக்கும் கூடத்துக்குமாக நடப்பார். நானும் பேப்பரைப் போட்டுவிட்டு, வேலையே இல்லாத சமையலறைக்குள் போய் எதையாவது தேடுவேன்.