தலை சீவிய ஜீப்

1974 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் வழக்கம்போல மழைமானியைப் பார்த்தேன். கணக்கில் சேராத தூறல். சவரம் செய்து, குளித்து, சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, இட்லி சாப்பிட்டுவிட்டு, காக்கி அரைக்கால் சட்டையோடு ஜீப்பிடம் போனேன். ஞாயிறு என்றால் எனக்கு ஜீப். என் மனைவிக்கு அதைப் பற்றிய விமரிசனம்.

ராணுவம் கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்தது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். சேற்றில் எருமை மாதிரி ஏறும். குன்னூருக்குக் கீழே எங்கள் எஸ்டேட்டில் சொந்த வண்டி வைத்திருந்த ஒரே குமாஸ்தா நான். சனிக்கிழமை அது நன்றாகத்தான் ஓடியது. ஒரு கோளாறும் கிடையாது. ஆனால் திங்கள் விடிகாலையில் கோயம்புத்தூர் போக வேண்டும். நீண்ட பயணத்துக்கு முன்பு முழுப் பராமரிப்பு என்பது என் விதி.

பயணம் பக்கத்து வீட்டுக்காரருக்காக. சிலோன் தோட்டத்திலிருந்து வந்து எங்கள் ஃபேக்டரியில் சேர்ந்தவர். கணவனை இழந்த அவருடைய அக்கா, இரண்டு பெண்பிள்ளைகளோடு கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, திங்கள் காலை ரயிலில் வந்து இறங்குகிறார். அப்படி வருகிறவர்களை ஸ்டேஷன் வாசலிலேயே ஆள்பிடிக்கும் மேஸ்திரிகள் மடக்கி, வேலையும் வீடும் தருவதாகச் சொல்லி லாரியில் ஏற்றிவிடுவார்கள். எந்த மலைக்குக் கொண்டுபோனார்கள் என்று பிறகு தேடி அலைய வேண்டியதுதான். எங்கள் ஊர் முதல் பஸ் போய்ச் சேர்வதற்குள் ரயில் வந்துவிடும். "என் வண்டி இருக்குங்க" என்று வலியப் போய்ச் சொன்னவன் நான்.

பிளக்குகளைக் கழற்றிக் கரி சுரண்டினேன். அவற்றுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் மலைப்பனி ஈரம் கோத்திருந்தது. அடுப்போரம் உலர வைத்தேன்.

"ஏனுங்க, இதைத் தாளிச்சுத் தரட்டுங்களா, இல்ல அப்படியே சாப்பிடுவீங்களா?" என்றாள் மனைவி.

அந்த மூடியிலிருந்து பிளக்குகளுக்குப் போகும் வயர்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பது எனக்கு நெடுநாள் உறுத்தல். அன்று அதற்கும் விமோசனம். முதல் வயர் முதல் பிளக்குக்கு, அடுத்தது அடுத்ததுக்கு என்று ஒன்றையொன்று தொடாமல் மாட்டி, நூல் சுற்றிக் கட்டினேன். தேநீரை நின்றுகொண்டே குடித்தேன், அழகு பார்க்க வேண்டுமே.

கிளப்பினேன். ஜீப் இரண்டு தரம் தும்மி, சைலன்சர் வழியாக ஒரு வேட்டுப் போட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். "என்னங்க ஐயா, பாறை ஒடைக்கிறீங்களா?"

பெட்ரோல் பம்ப், கார்புரேட்டர், பேட்டரி முனைகள் என்று முறைப்படி ஒவ்வொன்றாகச் சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தன. வண்டி மட்டும் வேட்டுப் போட்டது.

மாலையில் அவர் கையில் துணிப்பையோடு வந்து நின்றார். "ஐயா, கடைசி பஸ்ஸுல நா போயிறவா? ஸ்டேசன்லயே படுத்துக்கிறேன். கோச்சி வர்றப்ப அங்கன இருந்தாப் போதும்." ரயிலை அவர் கோச்சி என்றுதான் சொல்வார்.

"எதுக்குங்க? இன்னும் பத்தே நிமிசம்."

மறுத்துப் பேசத் தெரியாதவர். பையை மடியில் வைத்துப் படியில் உட்கார்ந்தார். வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. எழுந்து என் முகத்தைப் பார்த்தார். நான் கார்புரேட்டரைப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டார். பஸ் இறங்கிப் போகும் சத்தம் தேய்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது: அவர் அக்காவை அந்த லாரியில் ஏற்றிவிட மேஸ்திரி தேவையில்லை, நானே போதும்.

கை துடைக்கத் துணி கொண்டுவந்த மனைவி பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "நேத்து ஓடுனப்ப இந்த வயருங்க பரட்டைத் தலையாட்டத்தானுங்க இருந்துச்சு. இன்னைக்கு நீங்க சீவிப் பின்னல் போட்டிருக்கீங்க."

நான் உள்ளே போய் வண்டியின் புத்தகத்தை எடுத்தேன். நான்கு சிலிண்டர்களும் எரியும் வரிசை: ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. நான் வயர் மாட்டியிருந்ததோ ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அந்த வரியைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தவன் நானேதான், அதுவும் அளவுகோல் வைத்து.

நூலை அறுத்து மூன்று வயர்களை இடம் மாற்றினேன். மறுபடியும் எல்லாம் பரட்டையாயிற்று. தொட்டதும் ஜீப் உறுமியது.

"ஐயா, அணைச்சிராதீங்க!" என்று கத்தினார் அவர். "காலையில வரைக்கும் இப்பிடியே ஓடட்டும்."

"பெட்ரோல் தீர்ந்துடுமுங்க" என்று அணைத்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து இன்னொரு முறை கிளப்பிக் காட்டினேன். அவர் பையைக் கீழே வைத்தார்.

"பிரேக்கை மட்டும் ஒரு பார்வை..." என்று நான் தொடங்கினேன்.

மனைவி ஸ்பேனர் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "மொதல்ல அவங்க அக்கா வந்து சேரட்டுமுங்க. அப்புறம் வண்டியையே பிரிச்சுக் கொடியில காயப் போடுங்க."

மறுநாள் விடியுமுன் நான் வெளியே வந்தபோது, பையோடு அவர் ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். மழைமானியைக்கூடப் பார்க்காமல், பானெட்டைத் திறக்காமல், முதல் வேலையாக வண்டியைக் கிளப்பினேன்.