கவுன்டரில் சொல்லாத பெயர்

போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. பாளையங்கோட்டையில் ஒரு பல் மருத்துவமனையில் அப்பாவுக்குப் பதினோரு மணிக்கு அப்பாயின்ட்மென்ட். அன்றுதான் பல்செட் மாட்டப்போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பட்டமளிப்பு விழா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். போட்டோ என்றாலே துண்டால் வாயை மூடிக்கொள்ளும் அப்பா, "இந்தப் போட்டோவுல சிரிக்கணும்ட்டி" என்று சொல்லியிருந்தார்.

பத்து நிமிடம் தாமதமானால் வேறு தேதிதான் என்பது அங்கே விதி. அதனால் போனில் பலமுறை சொன்னேன். "திசையன்விளையில முதல் பஸ்ஸைப் பிடிச்சிருங்க. அங்கன போயி யாருகிட்டயும் எதும் பேசாதிய. நான் வந்து எல்லாம் எழுதிக்கிடுதேன்."

ஆனால் நான் வந்த பஸ் வண்ணார்பேட்டை நெரிசலில் மாட்டிக்கொண்டது. போய்ச் சேர்ந்தபோது பதினொன்று இருபத்தைந்து. அப்பா வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நான் நேரே கவுன்டருக்கு ஓடினேன்.

"உள்ள ரெண்டு தடவ பேரக் கூப்பிட்டாச்சு, ஆள் இல்ல. இனி அடுத்த புதன்கிழமதான்" என்றாள் அங்கிருந்த பெண்.

எனக்கு வந்ததே கோபம். "டாக்டர் லேட்டா வந்தா நாங்க காத்துக் கெடக்கணும். நாங்க லேட்டுன்னா தேதிய மாத்திருவியளோ?" என்று கத்திவிட்டேன். சத்தம் கேட்டு அப்பா உள்ளே வந்தார்.

"அந்தப் பிள்ளைய ஏசாதட்டி. நான் ஒம்பது மணிக்கே வந்துட்டேன். ராகுகாலத்துக்கு முந்தியே வந்து சேந்திரணும்லா?"

"அப்ப பேரு குடுக்க வேண்டியதுதான?"

"நீதான எதும் பேசாதியன்னு சொன்ன?"

கவுன்டர் பெண் சிரித்துவிட்டாள். "ஐயா, கதவத் தொறக்கும்போதே உங்களப் பாத்தேன். யாருக்கோ துணைக்கு வந்திருக்கியன்னுல்லா நெனச்சேன்!" டாக்டரிடம் பேசிவிட்டு வந்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் பார்ப்பதாகச் சொல்லிவிட்டாராம். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "தெனமும் நாலு பேரு ஏசுவாவ. மன்னிப்பு கேட்ட மொத ஆளு நீங்கதான்" என்றாள்.

பன்னிரண்டு தாண்டியதும் பெயரைக் கூப்பிட்டார்கள். "ராகுகாலமும் போயிட்டு, பாத்தியா?" என்று பெருமையாக எழுந்து போனார் அப்பா.

பட்டமளிப்புப் போட்டோவில் என்னைவிட அவர் சிரிப்புதான் பெரிதாகத் தெரிகிறது. அடுத்த மாதம் பல்செட் உரசுகிறதென்று மறுபடியும் போனார். ஒன்பது மணிக்கே போன் வந்தது. "பேரு குடுத்துட்டேன்ட்டி. நீ பைய வா."

படித்தவள் என்ற பெருமை எனக்கு இப்போதும் உண்டு. ஆனால் அந்தப் பெருமையில் அப்பாவின் வாயை நானே பூட்டிவைத்தேன் என்பது அந்தப் போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.