பத்தொன்பதாவது குழி

இது நிஜமாக நடந்தது.

என் வாயிலிருந்து இந்த வாக்கியம் வந்தால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. ஈர மரத்தில் செய்த என் நாற்காலி துளிர் விட்டுவிட்டது, வாரத்துக்கு ஒருமுறை இலையைக் கிள்ளிவிட்டுத்தான் உட்காருகிறேன் என்று எதிர்வீட்டுத் தையல்காரரிடம் சொல்லி, அவர் கத்திரிக்கோலோடு பார்க்க வரும்வரை முகம் மாறாமல் இருந்தவன் நான். ஆனால் இது மட்டும் நிஜம். பொய்யாக இருந்தால் உங்களைவிட எனக்குத்தான் நிம்மதி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேய் நடு ராத்திரியில் வரும் என்பார்கள். என் வீட்டில் நடந்தது பகல் மூன்று இருபதுக்கு. வெயில் தகரத்தில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்கு எட்டடியில் ஒரு தகர ஷெட். நானும் என் மனைவியும் அதில் மரவேலை செய்வோம். நான் ஸ்டூல், பெட்டி என்று ஊருக்குச் செய்வேன். அவள் எனக்கு வேண்டியதைச் செய்வாள். கடைசியாக அவள் தொடங்கியது ஒரு மாத்திரைக் கட்டை.

எனக்கு ஒரு நாளைக்கு நாலு வேளை மாத்திரை. ஒன்று, மறந்துபோவேன். இல்லையென்றால், போட்டதை மறந்து இன்னொன்று போடுவேன். அதற்காகச் செங்கல் அளவுக்கு ஓர் ஈட்டி மரக் கட்டையை எடுத்தாள். கருத்த ஊதா நிறம், இரும்பு மாதிரி கனம். ஏழு வரிசை, வரிசைக்கு நாலு குழி. மொத்தம் இருபத்தெட்டுப் புள்ளியைப் பென்சிலால் வைத்தாள். ஒவ்வொரு குழியும் பன்னிரண்டு மில்லிமீட்டர் ஆழம். கை டிரில்லில் ஒன்பது போட்டாள். ஒன்றுகூட நேராக இல்லை. ஒன்பதாவது அடிவரைக்கும் போய்விட்டது.

அதில் ஒரு மாத்திரையைப் போட்டுக் காட்டினாள். மறுபக்கம் வந்து தரையில் உருண்டது.

"ஏங்க, கையால பிடிச்சா இது வராது. டிரில்லிங் மெஷின் ஒண்ணு வாங்குங்க. இவ்வளவுதான் ஆழம்னு திருகி வெச்சா அங்கேயே நிக்கணும்."

"வாங்கிடலாம். பார்த்து வாங்கணும்."

பார்த்தேன். மூன்று வருஷம் பார்த்தேன்.

நேரான இரும்புக் கம்பி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறுவேன். மெஷினில் துளைக்கிற பிட்டைப் பிடிக்கும் சக்கில் கம்பியை மாட்டி, கையால் சுற்றி, நுனி ஆடுகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பேன். ஒன்றில் ஆடியது. ஆடாத மெஷினில் மேசையை அழுத்தினால் வளைந்தது. மேசை வளையாததில் தூணுக்கும் பிட்டுக்கும் நடுவே இடம் போதாது, அகலப் பலகையின் நடுவுக்கு எட்டாது. எட்டியதில் குறைந்த வேகமே மரத்தைக் கருக்குகிற வேகம். பெஞ்சில் வைக்கிற சின்னது வாங்கலாமென்றால் உயரமான கட்டை உள்ளே போகாது. தரையில் நிற்கிற பெரியது வாங்கலாமென்றால் ஷெட்டுக்கு வெளியே நான் நிற்க வேண்டும். நோட்டில் நாற்பத்தேழு பக்கம் எழுதினேன். கடைக்காரர் எனக்கு 'கம்பி ஐயா' என்று பெயரே வைத்துவிட்டார்.

"என்னைக் கட்டிக்கப் பத்து நிமிஷம்தானே யோசிச்சீங்க?" என்றாள்.

"அந்த அனுபவத்துலதான் இப்ப நிதானமா இருக்கேன்."

சிரித்தாள். கட்டையைத் துணியில் சுற்றிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள்.

பிறகு ஒருநாள் படுத்தாள். ஆஸ்பத்திரியில் பதினாறு நாள். பதினைந்தாம் நாள் சாயங்காலம் கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"மெஷின் வந்துச்சா?"

எனக்கு வாயில் முதலில் வருவது எப்போதும் பொய்தானே.

"நேத்தே வந்துடுச்சு."

"நிக்கறதா? சின்னதா?"

"நிக்கறது. பச்சைக் கலர். மூணு கைப்பிடி. ரெண்டுல கறுப்பு உருண்டை, ஒண்ணுல மட்டும் மஞ்சள்."

"என்னால நின்னு வேலை செய்ய முடியாதே."

"மேசை கீழ இறங்கும். உன் ஸ்டூல்ல உட்கார்ந்தே போடலாம்."

"ஆழம் நிறுத்துற திருகு?"

"இருக்கு."

"சரி... வந்து முடிக்கிறேன்."

மறுநாள் காலை ஒன்பது பத்துக்குப் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். துணி இருந்தது. கட்டை இல்லை. அலமாரி, பரண், கட்டிலடி எல்லாம் தேடினேன். கிடைக்கவில்லை. அவளுடைய பென்சில் புள்ளிகளை ஒருமுறை தடவிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு ஆசை. என்மேல் கோபமாகப் போனாளா என்று அந்தக் கட்டையைத் தவிர வேறு யாரைக் கேட்பது?

பதினோராம் நாள் கடைக்குப் போனேன். சொன்ன பொய்யை நிஜமாக்கிவிட்டால் ஏதோ ஒன்று சரியாகும் என்று பட்டது. பச்சை நிறத்தில், தரையில் நிற்கிற மெஷின் ஒன்று இருந்தது. கம்பியை வெளியே எடுக்கவே இல்லை.

"ஐயா, ஆட்டம் பார்க்கலையா?" என்றார் கடைக்காரர்.

"வேணாம். அனுப்பிடுங்க."

"ஏழு நாள்ல பிடிக்கலைன்னா திருப்பிக் குடுத்துடலாம். உங்களுக்கு எழுபது நாள் வேணும்னாலும் சொல்லுங்க."

கடிகாரத்தைப் பார்த்தேன். உள்ளே நுழைந்து பத்து நிமிஷம்தான் ஆகியிருந்தது.

மறுநாள் காலை மெஷின் வந்து இறங்கியது. உறையைப் பிரித்தேன். கடையில் பார்த்தபோது மூன்று கைப்பிடியிலும் கறுப்பு உருண்டைதான். இப்போது ஒன்றில் மஞ்சள்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"ஏத்தும்போது ஒண்ணு உடைஞ்சிருச்சு ஐயா. கைக்குக் கிடைச்சதை மாட்டிவிட்டேன். அசிங்கமா இருக்கா?"

இல்லை என்றேன்.

மேசையை என் இடுப்பு உயரத்துக்கு ஏற்றி இறுக்கினேன். ஷெட்டைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தேன்.

மூன்று இருபதுக்கு விழித்தேன்.

ஊம்ம்ம்ம்...

மோட்டார் சத்தம். பிறகு, பிட் மரத்தைத் தொடுகிற சத்தம்.

கர்ர்ர்... டக்.

'டக்' என்பது ஆழத் திருகு முட்டி நிற்கிற சத்தம். ஆறு தடவை கேட்டது. பிறகு மோட்டார் அடங்கியது. நான் பின்கதவைத் திறந்து போய்ப் பார்த்தபோது ஷெட்டின் பூட்டு பூட்டினபடி தொங்கியது.

உள்ளே யாரும் இல்லை. ஆனால் மேசை கீழே இறங்கியிருந்தது. அதன் முன்னால் அவளுடைய ஸ்டூல். ஆழத் திருகு பன்னிரண்டு மில்லிமீட்டரில் நின்றது. நான் அதைத் தொடவே இல்லை.

மேசைமேல் மரச் சுருள். என் ஷெட்டில் அன்று இருந்ததெல்லாம் வெளுத்த பெட்டி மரம். இந்தச் சுருள் கருத்த ஊதா.

எடுத்துப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. மண் வாசனை அடித்தது. கூரை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தேன். மழை பெய்து இரண்டு மாதம் ஆகிறது.

தையல்காரரிடம் சொன்னேன்.

"அண்ணே, நீங்க சுத்தின பூவே என் காதுல ஒரு கூடை இருக்கு," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "வருத்தத்துல வேலை செய்யறீங்க, புரியுது. ஆனா மத்தியானம் மட்டும் மெஷினை ஓட்டாதீங்கண்ணே. கண்ணசர முடியலை," என்றார்.

ஆக, அவருக்கும் கேட்டிருக்கிறது.

இரண்டாம் நாள். 3.20. மறுபடி ஆறு. மறுபடி ஈரச் சுருள். ஒரு பழைய தகர டப்பாவில் அள்ளி மூடி வைத்தேன்.

மூன்றாம் நாள் மூன்று பத்துக்கே போய், ஷெட் கதவின் இடுக்கில் கண்ணை வைத்து நின்றேன்.

3.20.

சுவிட்ச் தானாக அமுங்கியது.

சக் சுற்றியது. மஞ்சள் உருண்டை மெல்ல... மெல்லக் கீழே வந்தது. பிடிக்கிற கை இல்லை. மேசைமேல் கட்டையும் இல்லை. வெற்றிடத்தில் பிட் இறங்க, அதைச் சுற்றிக் கருத்த சுருள் எழும்பி எழும்பி விழுந்தது.

கர்ர்ர்... டக்.

மஞ்சள் உருண்டை மேலே போனது.

பிறகு...

"ஃபூ..."

குழியிலிருக்கும் தூளை ஊதுகிற சத்தம்.

அந்த 'ஃபூ' எனக்குத் தெரியும். நாற்பத்தோரு வருஷம் என் பாலை ஆற்றின 'ஃபூ'.

கதவோரமாகவே உட்கார்ந்துவிட்டேன். ஓடத் தோன்றவில்லை. உள்ளே போகவும் தைரியம் இல்லை. காது மட்டும் எண்ணியது.

ஆறு.

மூன்று நாளில் பதினெட்டு. அவள் கையால் போட்டது ஒன்பது. கூட்டினால் இருபத்தேழு.

ஒரு குழி பாக்கி.

அப்போதுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது. பேயைக் கண்டு இல்லை. பத்தொன்பதாவது குழியைக் கண்டு. அதைப் போட்டுவிட்டால் அவளுக்கு இங்கே என்ன வேலை? பிறகு ஏன் வரப்போகிறாள்?

நாலாம் நாள் மூன்று மணிக்கு நான் ஒரு காரியம் செய்தேன். மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

3.20.

மோட்டார் ஓடவில்லை.

டிக்...

சுவிட்ச்.

டிக்... டிக்...

அமுக்கிப் பார்க்கிறாள். கரண்ட் இல்லை.

டிக்.

நின்றுவிட்டது.

ஐந்தாம் நாளும் பிடுங்கினேன். அன்று அரை மணி நேரம். டிக்... டிக்... கோபமான சத்தமாக இல்லை. பொறுமையாக, இடைவெளி விட்டு... மூன்று வருஷம் என்னிடம் கேட்ட அதே மாதிரி. 'வாங்கியாச்சா?' 'பார்த்துட்டு இருக்கேன்.' 'வாங்கியாச்சா?' 'பார்த்துட்டு இருக்கேன்.'

கதவில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன்.

செத்த பிறகும் அவளைக் காக்க வைக்கிறேன்.

ஆறாம் நாள் 3.15. பிளக்கை மாட்டினேன். ஷெட்டைப் பூட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு வெளியே, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன்.

3.20.

ஊம்ம்ம்ம்...

"ஏம்மா," என்றேன். "அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்."

மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. பிட் இறங்கவில்லை.

"மெஷின் வரலை. நான் வாங்கவே இல்லை."

காத்திருந்தேன்.

கர்ர்ர்...

மெல்ல. மிக மெல்ல.

டக்.

"ஃபூ..."

அந்த ஊதல் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. கதவுக்கு இந்தப் பக்கம்.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

மோட்டார் அடங்கியது. 3.22.

பிறகு ஒன்றுமே இல்லை.

ஏழாம் நாள் காலை கடைக்காரர் போன் செய்தார்.

"கம்பி ஐயா, இன்னிக்குத்தான் கடைசி. மெஷின் எப்படி? திருப்பிக் குடுக்கறீங்களா?"

"ஆட்டம் இல்லை," என்றேன். "ஆழம் சரியா நிக்குது. இருக்கட்டும்."

அன்று மூன்று இருபதுக்குக் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். மூன்றரை. நாலு. ஐந்து. சத்தமே இல்லை.

சாயங்காலம் 6.40. வேறு ஊரிலிருக்கும் என் மகள் போனில் வந்தாள். நடந்ததை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், அப்பா மறுபடி ஆரம்பிச்சுட்டார் என்பாள். வேறு ஒன்று கேட்டேன்.

"அம்மாவோட மாத்திரைக் கட்டையைப் பார்த்தியாம்மா? வீடு பூராத் தேடிட்டேன்."





"அது... அம்மாவோட பெட்டியில இருக்குப்பா. மூடறதுக்கு முன்னாடி நான்தான் வெச்சேன். அவங்க கைக்கு அடியில."



"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொல்ல வேணாம்னாங்க. கடைசி நாள் காலையில, நீங்க முகம் கழுவப் போயிருந்தப்ப..."

"என்ன சொன்னா?"

"'மெஷின் வரலை. உங்கப்பா பொய் சொல்லும்போதுதான் இப்படிக் கலர் எல்லாம் சொல்வாரு. ஆனா எப்படியும் வாங்கிடுவாரு. கட்டையை என்கூட வெச்சுரு. அப்ப எனக்கு வேணும்'னாங்க."

போனோடு ஷெட்டுக்குள் போனேன்.

"அப்பா... சாயங்கால மாத்திரை போட்டீங்களா?"

நான் தகர டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன்.

சுருள் இன்னும் காயவில்லை.