போனவுடன் கூட்டக் கூடாது

முகப்பேர் வீட்டுக்கு அந்தப் பெருக்கும் ரோபோவை மகன் வாங்கி வந்தபோது நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். என் முழங்கால் குனிய விடாது என்பது உண்மைதான். அதற்காகத் தோசைக்கல் அளவில் ஒரு வட்டப் பெட்டி வந்து என் வீட்டைக் கூட்டுவதா?

ஒரே வாரத்தில் வாயடைத்துப் போனேன். நான் வருஷக்கணக்கில் எட்டாத கட்டிலடிக்குள் அது புகுந்தது. சுவரோரமாகவே போய் மூலை மூலையாகத் துழாவியது. வேலை முடிந்ததும் தன் இடத்துக்குத் தானே திரும்பிச் சார்ஜ் ஏற்றிக்கொண்டது. முணுமுணுப்பு கிடையாது, பொங்கலுக்கு லீவு கிடையாது. தினமும் காலை பத்து மணிக்கு அது கிளம்பும்படி என் கணவர் தன் போனில் நேரம் குறித்து வைத்தார். பேப்பரோடு உட்கார்ந்திருப்பவர், அது வந்ததும் இரண்டு காலையும் தூக்கி வழிவிடுவார். அவர் அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சும் அந்த ஊர்ப் பேச்சுதான்.

"நம்ம ஊட்ல சொன்ன டைமுக்கு வேலை பாக்குறது இது ஒண்ணுதான்" என்று என்னைச் சீண்டுவார்.

அவருக்கு இதயத்தில் அடைப்பு, பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேரும் நாளில் மகன் காரில் அழைத்துப் போனான். நான் சமைத்து எடுத்துக்கொண்டு மதியம் வருவதாகப் பேச்சு. கார் கேட்டைத் தாண்டியிருக்காது, கூடத்தில் விர்ரென்று சத்தம் கேட்டது. மணி பத்து.

வீட்டிலிருந்து ஒருவர் புறப்பட்டதும் தரையைக் கூட்டினால் அவர் திரும்ப மாட்டார் என்பார்கள். மற்ற நாளாக இருந்தால் அதெல்லாம் சும்மா என்று நானே சொல்லியிருப்பேன். அன்று எனக்கு உயிரே போய்விட்டது. அதை நிறுத்தும் வித்தை அவர் போனில் இருக்கிறது, போன் அவர் சட்டைப்பையில் இருக்கிறது. கூப்பிட்டுச் சொல்லலாமா? ஆபரேஷனுக்குப் போகிறவரிடம் சொல்கிற பேச்சா அது! வலியைப் பார்க்காமல் குனிந்து, அதைத் தூக்கிக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, பாவம். கண்ணில் பட்ட பொத்தானையெல்லாம் அமுக்கியதில் ஒருவழியாக ஓய்ந்தது. அதற்குள் பாதிக் கூடத்தைக் கூட்டியிருந்தது.

"உன் மேல தப்பில்ல, அவர் வரட்டும்" என்று அதனிடம் சொல்லி அழுதேன்.

அதை அலமாரியில் வைத்தேன். துடைப்பத்தையும் தொடவில்லை. வந்து போனவர்கள் தரையைப் பார்த்தபோதெல்லாம் முழங்கால் வலி என்று சமாளித்தேன்.

பன்னிரண்டாம் நாள் அவர் வீடு வந்தார். மார்பில் தையல், ரத்தக்குழாய் எடுத்த இடது காலிலும் தையல். நாற்காலியில் உட்கார்ந்து, நறநறத்த தரையைப் பார்த்தார். இத்தனை நாளாக வீடு கூட்டவில்லை என்று தன் போன் காட்டிக்கொண்டே இருந்ததாகச் சொன்னார். காரணத்தை அவர் கேட்கவில்லை.

"அதான் வந்துட்டேனேம்மா" என்றார். "இப்போ வுடு, கூட்டட்டும்."

எடுத்துத் தரையில் விட்டேன். அது சுவரோரமாகப் போய்த் திரும்பி அவர் நாற்காலியை நெருங்கியது. தையல் போட்ட காலை இரண்டு கையாலும் பிடித்து, மெல்லத் தூக்கி வழிவிட்டார்.