பையைத் திறக்கச் சொல்லாத போலீஸ்காரர்

போன சனிக்கிழமை காரைக்காலிலிருந்து மாயவரம் திரும்பிக்கொண்டிருந்தேன். (ஊர்ப் பெயரை மாற்றி போர்டெல்லாம் வைத்துவிட்டார்கள். எனக்கு இன்னும் மாயவரம்தான்.) நண்டலாற்றுப் பாலம் தாண்டியதும் வழக்கம்போல செக்போஸ்ட். பஸ் நின்றது. ஒரு இளம் போலீஸ்காரர் ஏறினார்.

"எல்லாரும் பையத் திறந்து வைங்க!"

முன் சீட்டுக்காரரின் டிபன் கேரியரை அடுக்கு அடுக்காகத் திறந்து பார்த்தார். பின் சீட்டுப் பையனின் சூட்கேஸைக் கிளறினார். இரண்டுக்கும் நடுவில் நான், பையின் ஜிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு...

"நீங்க இருங்கய்யா. தெறக்க வேணாம்."

"ஏன் தம்பி? பாருங்களேன்."

சிரித்தார். "உங்க பையில என்னங்கய்யா இருக்கப் போவுது?"

மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். நரைத்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக? எனக்கு முன்னால் இருந்தவர் கடத்துவார், பின்னால் இருந்தவன் கடத்துவான், நான் மட்டும் லாயக்கில்லாதவனா?

இப்படி நினைத்த அடுத்த நொடியே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது நான் பேசுகிற பேச்சே இல்லையே... இது அப்பா பேசியது!

வெளியூர் வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். நான் பிறந்த காரைக்கால் தனி ஆட்சி, தனிச் சட்டம். எங்கள் ஊரில் பிராந்திக் கடைகள் பகிரங்கமாகத் திறந்திருந்த காலத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கு. அப்புறம் சட்டம் வந்தது, போனது, மறுபடி வந்தது. செக்போஸ்ட் மட்டும் அசையவில்லை. மாயவரத்தில் வங்கி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், "காரைக்காலா சார்?" என்று கேட்ட அத்தனை பேர் கண்ணிலும் தெரிந்த அந்தப் பிரகாசம் என் திறமைக்கானது அல்ல என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

அப்பா ஒரு சொட்டு தொட்டதில்லை. கல்யாண வீடானாலும் சரி, கிறிஸ்துமஸ் ஆனாலும் சரி, அவருக்கு சோடாதான். நகராட்சி அலுவலகத்தில் — அவர் தலைமுறைக்கு அது 'மேரி', பிரெஞ்சுக்காரன் விட்டுப் போன பெயர் — வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சட்டம் என்றால் உயிர். சைக்கிளில் லைட் இல்லை என்றால் பொழுது சாய்ந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டே வருவார்.

மாதம் ஒரு சனிக்கிழமை என்னைப் பார்க்க மாயவரம் வருவார். பையில் அம்மா கொடுத்துவிட்ட சாமான்கள். திருவேட்டக்குடிக் கருவாடு, குழம்புத் தூள், எப்போதும் ஒரு பாட்டில் நெய். சுரக்குடியிலிருந்து தலைச்சுமையாக வெண்ணெய் கொண்டுவரும் பெண்ணிடம் வாங்கி, முருங்கைக்கீரை போட்டு அம்மா உருக்கிய நெய். அந்த நெய் எதில் வரும்? பிராந்தி பாட்டிலில்!

வேறு எதில் வரும்? எங்கள் ஊரில் காலி பாட்டிலுக்கா பஞ்சம்? மண்ணெண்ணெய், நல்லெண்ணெய், தேன், மாதா கோயிலில் மந்திரித்த தண்ணீர் எல்லாமே அதில்தான்.

ஆகவே ஒவ்வொரு மாதமும் செக்போஸ்ட்டில் அப்பாவுக்கு ஒரு காட்சி உண்டு. போலீஸ்காரர் பையைத் திறப்பார். துண்டில் சுற்றிய பிராந்தி பாட்டிலைப் பார்த்ததும் முகம் மாறும். பஸ்ஸே எட்டிப் பார்க்கும். அப்பா அவசரப்பட மாட்டார்.

"மோந்து பாருங்க."

அவர் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். நெய் வாசனை பஸ் முழுக்கப் பரவும்.

"நெய்யிங்களா?"

"நெய்தான். சந்தேகம் இருந்தா அடியிலயும் பாருங்க. கடமையைச் சரியா செய்யணும்."

இதற்காகவே வேட்டி சட்டையை ஒரு ஓரமாகவும் பாட்டிலை மேலாகவும் வைத்துப் பையை அடுக்குவார். பாலத்துக்கு முந்தின ஸ்டாப்பான பூவம் வரும்போதே பை மடிக்கு வந்துவிடும். அம்மாவுக்குச் சிரிப்பும் எரிச்சலும். "இவரு மவனைப் பாக்கப் போறாரா, போலீஸைப் பாக்கப் போறாரா?" என்பாள். செக்கிங் நன்றாக நடந்த சனிக்கிழமைகளில் அப்பா இரண்டு டம்ளர் காபி குடிப்பார். என் மகள் பிலோவை உட்காரவைத்து, போலீஸ்காரர் எப்படி மோந்தார் என்று நடித்துக் காட்டுவார்.

ஒரு சனிக்கிழமை வந்தவர் காபியைத் தொடவில்லை. சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு என்ன? புதுசா ஒரு பய வந்திருக்கான் செக்போஸ்ட்டுல. என் பையப் பாக்கல."

நான் சிரித்துவிட்டேன். "நல்லதுதானேப்பா. வேலை மிச்சம்."

"என்ன நல்லது? பக்கத்துல இருந்தவன் பையப் பாத்தான். எதுத்தாப்ல ஒரு பொம்பள, அது மீன் கூடையப் பாத்தான். என்னை மட்டும் 'பெரியவரே, நீங்க உக்காருங்க'ங்குறான். ஏன்? நான் கடத்த மாட்டேனா?"

"நீங்க கடத்துவீங்களாப்பா?"

"கடத்த மாட்டேன். அது வேற. இவனால கடத்த முடியாதுன்னு அவன் எப்புடி முடிவு பண்ணலாம்?"



அடுத்த மாதம் மீசைக்கு மை பூசிக்கொண்டு வந்தார். மை மேலுதடு முழுக்க வழிந்திருந்தது. கடைசி சீட்டில், பையைக் காலுக்கடியில் ஒளித்து, வேண்டுமென்றே திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். போலீஸ்காரர் அவரைத் தாண்டும்போது, "வெயிலா இருக்கு, ஜன்னலச் சாத்திக்குங்க பெரியவரே" என்று சொல்லிவிட்டுப் போனாராம். என் மனைவி சமையலறைக்குள் ஓடிப் போய்ச் சிரித்தாள்.

அதற்கடுத்த மாதம் நடந்ததுதான் மோசம். பக்கத்தில் உட்கார்ந்த ஒரு ஆசாமி தன் பையை அப்பாவின் காலடிக்குத் தள்ளியிருக்கிறான். உள்ளே பாட்டில் சத்தம். "பெருசு, இது ஒங்க காலுகிட்டயே இருக்கட்டும். ஒங்கள யாரு பாக்கப் போறா?" என்றானாம். அப்பா எழுந்து நின்று பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, பூவத்தில் இறங்கி, வெயிலில் காத்திருந்து அடுத்த பஸ்ஸில் வந்தார். அந்த பஸ்ஸிலும் அவர் பையை யாரும் பார்க்கவில்லை.

அதோடு வருவதை நிறுத்திவிட்டார்.

காரணம் கேட்டால் முட்டி வலி என்றார். மழை என்றார். கோயில் திருவிழாவுக்குக் கொடிமரம் பெயின்ட் அடிக்க ஆள் பார்க்க வேண்டும் என்றார். சனிக்கிழமை மதியம் ஆனால் பிலோ வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பாள். மூலையில் அவர் நாற்காலி சும்மா கிடக்கும். நானும் பேங்க் விட்டு வந்ததும் ஒரு தடவை தெருமுனையை எட்டிப் பார்ப்பேன். உண்மையைச் சொல்கிறேனே... அப்பா வந்தால் எனக்கு மூச்சு முட்டும். ஃபேனை நிறுத்து, குழாயை மூடு, செருப்பை நேராகப் போடு என்று ஓயாத உத்தரவு. அந்த உத்தரவு இல்லாத சனிக்கிழமை இவ்வளவு நீளமாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நானே கிளம்பிக் காரைக்கால் போனேன். அப்பா பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அம்மாதான் அடுப்படியில் விஷயத்தைச் சொன்னாள்.

"முட்டியும் இல்ல, மழையும் இல்லடா. அந்தப் போலீஸ்காரன்தான். 'நமக்கு வயசாயிடுச்சு, இனிமே எங்கயும் போவ வேணாம்'னு உக்காந்துட்டாரு. சோறும் பாதியாயிடுச்சு."

பாதிச் சோறு என்றதும் எனக்குப் பயம் வந்தது.

மறுநாள் காலை அம்மா ஒரு முடிவோடு புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். "நானும் மாயவரம் வர்றேன்." எங்களுக்குத் தலை சுற்றியது. அம்மாவுக்கு டீசல் நாற்றம் ஆகாது. கோட்டுச்சேரி தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவாள். அதனாலேயே பேத்தியைப் பார்க்கக்கூட வராதவள். அப்பா வேறு வழியில்லாமல் சட்டையை மாட்டினார். பையை அம்மாவே அடுக்கினாள். பாட்டில் மேலே இருந்தது.

வழியெல்லாம் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியே வந்தாள். பாலம் தாண்டி பஸ் நின்றதும் கண்ணைத் திறந்தாள். அப்பா சொன்ன அந்தப் புதுப் போலீஸ்காரர் ஏறினார். பார்த்துக்கொண்டே வந்தார். எங்கள் சீட்டைத் தாண்டப் போனார்.

"தம்பி, இங்க வாங்க."

"என்னம்மா?"

"இவரு பையக் கொஞ்சம் நல்லாப் பாருங்க. எனக்கு இவரு மேல சந்தேகமா இருக்கு."

பஸ் முழுக்கக் கொல்லென்று சிரித்தது. அப்பா விறைத்துப் போய் உட்கார்ந்திருந்தார். போலீஸ்காரர் அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்ணால் என்ன சொன்னாளோ, அவர் முகத்திலிருந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"பையத் தொறங்க." குரலில் அதிகாரம்!

அப்பா திறந்தார். துண்டு பிரிந்தது. பாட்டில் வெளியே வந்தது.

"இது என்னது?"

"மோந்து பாருங்க," என்றார் அப்பா.

அவர் மோந்து பார்த்தார். விரலில் ஒரு துளி விட்டுத் தடவியும் பார்த்தார். வேட்டியை உதறினார். கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். எங்கே போகிறீர்கள், யாரைப் பார்க்க, எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டார். அப்பா தெருப் பெயர், கதவு எண் வரைக்கும் சொன்னார். டிரைவர் ஹாரன் அடித்தார். போலீஸ்காரர் அசையவில்லை.

"சரி, போலாம். ஆனா ஒங்க மேல ஒரு கண்ணு வச்சிருக்கேன்."

பஸ் கிளம்பியது. அப்பா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்: "ஏன்டி, எம்மேல ஒனக்கு சந்தேகமா?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து," என்றாள் அம்மா. அடுத்த நிமிடம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். அப்பா அவள் தலையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு மாயவரம் வந்து சேரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு மாதமும் தவறவில்லை. அந்தத் தம்பி மாற்றலாகிப் போகும்போது அடுத்து வந்தவரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். புதியவரும் முதல் நாளே, "பெரியவரே, பையத் தொறங்க" என்றாராம். சீனியர் ஆட்களை இப்போதுதான் ஒழுங்காகப் போடுகிறார்கள் என்று அப்பா டிபார்ட்மென்ட்டைப் பாராட்டினார்.

வயதானவர்களை உட்காரவைத்துவிட்டால் மரியாதை செய்துவிட்டோம் என்று நினைக்கிறோம். இறங்க வேண்டாம், தூக்க வேண்டாம், அலைய வேண்டாம்... அவர்களுக்குக் கேட்பதெல்லாம் 'வேண்டாம்' மட்டும்தான் போலிருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் அது தெரிந்திருந்தது.

அப்பா காலமான பிறகு நான் மாதம் ஒரு சனிக்கிழமை காரைக்கால் போக ஆரம்பித்தேன். திரும்பும்போது அதே பை, அதே பிராந்தி பாட்டில் நெய். போலீஸ்காரர் பிடிக்கும்போதெல்லாம் "மோந்து பாருங்க" என்பேன். போன வருஷம் அம்மாவும் போய்விட்டாள்.

போன சனிக்கிழமை இரண்டு பேர் கல்லறையிலும் புல்லைச் செதுக்கச் சொல்லி, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, பஸ் ஏறினேன். அப்போதுதான் நான் முதலில் சொன்ன சங்கதி நடந்தது. பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. "தம்பி, இவரு மேல எனக்கு சந்தேகமா இருக்கு" என்று சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால்...

வீட்டுக்கு வந்து பையை மேஜையில் வைத்தேன். மனைவி பழக்கதோஷத்தில் ஜிப்பைத் திறந்து கையை விட்டாள். ஒரு துண்டு, பாதி எரிந்த மெழுகுவத்தி, தீப்பெட்டி. ஜிப்பை இழுத்து மூடினாள்.

அந்தப் போலீஸ்காரத் தம்பி மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. சரியாகத்தான் சொன்னார் — என் பையில் இனி என்ன இருக்கப் போகிறது?