உருத்திரமூர்த்தியின் எம்.பி.

நுரை வழிகிற அகப்பையை மைக்காகப் பிடித்துக்கொண்டு உருத்திரமூர்த்தி அமெரிக்கச் சட்டசபையில் முழங்கிக்கொண்டிருக்கிறார். எதிரே சபை இல்லை. எண்ணெய்ச் சட்டிகள்தான் கிடக்கின்றன. சுவிஸில் லாங்கன்தாலுக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறார் மனிதர். முழங்குவது அவர் பேச்சல்ல, யாக்கோப்பின் பேச்சு.

முதலாளியம்மா லூத்தியின் பாட்டனாருக்கு அண்ணன் இந்த யாக்கோப். படம் சாப்பாட்டுக் கூடத்தில் தொங்குகிறது. "குரோஸ்ராட்" என்று அம்மா பெருமையாகச் சொன்னார். ஜெர்மனில் 'குரோஸ்' என்றால் பெரிய, 'ராட்' என்றால் சில்லு என்று மட்டும் அறிந்திருந்த நம்மவர், பெரிய வண்டிச்சில்லு செய்த ஆசாரியாக்கும் என்று மாதக்கணக்காக நம்பிக்கொண்டிருந்தார். அதே ஒலியில் சட்டசபை உறுப்பினரும் இருக்கிறார் என்று தெரிந்த நாளில் பிடித்தது பித்து.

"அண்ணை, நூறு வரியத்துக்கு முந்திப் பாசை தெரியாமல் அமெரிக்காவுக்குப் போன மனிசன். மாட்டுக்கொட்டில் கூட்டினவர். பிறகு எலெக்சன் கேட்டுத் தோத்து, திரும்பவும் கேட்டு வெண்டவர்" என்று கூடக் கோப்பை கழுவுகிற என்னைப் பிடித்து உலுக்குவார். ஊருக்குப் பாலம் வேண்டுமென்று யாக்கோப் சபையில் எழுந்தபோது அவருடைய ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரித்தார்களாம். "மனிசன் என்ன சொன்னவர் தெரியுமோ? சிரிச்சு முடிச்சிட்டியளோ, இனிப் பாலத்தைக் கதைப்பம் எண்டவர்." பாலம் வந்ததா என்று கேட்டால், "வராமல்? இப்பவும் நிக்குதாம்" என்பார், தானே கல் சுமந்தவர் மாதிரி.

இந்த ஆகஸ்ட் முதலாந்தேதி, சுவிஸின் தேசிய நாள் விழாவில், யாக்கோப்பைப் பற்றிப் பேசும்படி லூத்தி அம்மாவைக் கேட்டார்கள். தினமும் பேசுகிறவர் நீர்தானே என்று அம்மா இவரைத் தள்ளிவிட்டார். அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வராதவர். வணக்கம் சொன்னால் முகத்தைத் திருப்புகிறவர்கள் பலர் அந்தக் கூட்டத்தில். "இண்டைக்கு நிண்டு கேட்டினமெண்டால், நாளைக்கு வணக்கத்துக்கு மறுமொழி சொல்லுவினம், அண்ணை" என்றார். நானும் கூட்டத்தில் போய் நின்றேன்.

ஓட்டை ஜெர்மன்தான். ஆனால் ஊரில் தேர்தலுக்குத் தேர்தல் மைக் பிடித்த தொண்டை அல்லவா, ஏற்ற இறக்கத்தில் யாழ்ப்பாணத்து மேடை முழுதும் வந்து இறங்கிவிட்டது. தோல்வி, வெற்றி, பாலம் என்று ஏறிக்கொண்டே போனவர், முடிக்கவேண்டிய இடத்தில் பழக்கதோஷத்தால் கைகளைக் கூப்பி, "ஆகவே உங்கள் பொன்னான வாக்குகளை யாக்கோப்புக்கே போடுங்கள்" என்று கேட்டுவிட்டார். மனிதர் செத்து எத்தனையோ காலம்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. உருத்திரமூர்த்தியின் முகம் கறுத்துப்போயிற்று. அவருடைய வணக்கத்துக்கு ஒருநாளும் வாய் திறந்திராத மாட்டுப்பண்ணைக் கிழவர் ஒருவர் அப்போது எழுந்து, கிராமக் கூட்டத்தில் வாக்களிக்கிற முறைப்படியே தலைக்கு மேலே கையைத் தூக்கினார். பக்கத்தில் ஒரு கை. பின்னால் இன்னும் பல. லூத்தி அம்மா இரண்டு கைகளையுமே தூக்கிவிட்டார்.

மேடையில் நின்றவர் அத்தனை கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, அந்த நாட்டில் வாக்கில்லாத அந்த மனிதர், மெல்லத் தன் கையையும் உயர்த்தினார்.