செயலாளர் எழுதிவைத்த பிள்ளைகள்

வெள்ளவத்தையில் இருந்த எங்கள் சிறிய தொண்டு நிறுவனத்தின் கூட்ட மேசையில், பதினேழு நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளை வண்ணப் பெட்டிகளாக அச்சிட்ட தாளுக்குமேல், அவர் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை விரித்து வைத்தார். கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்று சொல்லப்படும் நெருக்கமான குடியிருப்பு ஒன்றின் மாதர் சங்கச் செயலாளர் அவர். எந்த வீட்டில், எந்தப் பிள்ளைக்கு, எந்த நாளில் வயிற்றோட்டம் வந்தது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. துறைமுகத்தில் வேலை செய்த கணவர் இறந்த பிறகு ஓர் அறையில் தனியாக இருந்தார்.

நான் அப்போது திட்ட அலுவலர். அவர் பெயர்களை வாசிக்க, நான் தோட்டத்தின் வரைபடத்தில் புள்ளி வைத்தேன். புள்ளிகள் எல்லாம் ஒரே பக்கத்தில் விழுந்தன. அந்தப் பக்கத்துக் குடிநீர்க் குழாய் கழிவுநீர் ஓடும் கானுக்குள்ளால் போனது. அதுவரை குடிநீர் வழங்கும் அலுவலகத்தில் முறைப்பாடு செய்தபோதெல்லாம் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். "கொதிக்க வைக்கத்தான் வைக்கிறம், மிஸ். காஸ் முடிஞ்ச நாளில என்ன செய்யிறது?" என்று என்னிடம் கேட்டார். எங்கள் நிறுவனம் தண்ணீரைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்தது. முடிவு வந்ததும் பதினொரு பெண்களுடன் அந்த அலுவலகத்துக்குப் போனோம். நான் தயாரித்துப் போன விளக்கத்தை அங்கிருந்த பொறியியலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்டார். பிறகு செயலாளர் எழுந்து, கொப்பியைத் திறந்து, சிங்களத்தில் பிள்ளைகளின் பெயர்களையும் வயதையும் ஒவ்வொன்றாக வாசித்தார். குரலை உயர்த்தவில்லை. நான்காவது பக்கத்தில் பொறியியலாளர் கதிரையை விட்டு எழுந்து, நாளைக்கே வந்து பார்ப்பதாகச் சொன்னார். நான்கு மாதத்தில் புதுக் குழாய் கானுக்கு மேலால் வந்தது.

அறிக்கையை நான்தான் எழுதினேன். பிரதி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அவர் தாள்களை மெல்லப் புரட்டி, "இதில எங்கட பேர் எங்க, மிஸ்?" என்று கேட்டார். 'சமூகப் பங்கேற்பு' என்ற சொல்லைக் காட்டினேன். தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு இன்றும் என்னை உறுத்துகிறது. திட்டம் முடிந்தது. அடிக்கடி வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போனது இரண்டு வருடம் கழித்து. கதவு திறந்தே இருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சங்கம் கூடுவதில்லை, பிள்ளைகளுக்கு நோய் வருத்தம் இல்லை, எழுதவும் ஒன்றும் இல்லை என்றார். "தண்ணி வந்தாப் பிறகு ஒருத்தரும் கதவைத் தட்டுறேல்ல. அது நல்லதுதானே, மிஸ்," என்று சிரித்தார். என் மகன் வெளிநாடு போன பிறகு, என் மாடிவீட்டில் மின்தூக்கி நிற்கும் சத்தத்துக்கெல்லாம் கதவைப் பார்க்கும் எனக்கு அந்தச் சிரிப்பு விளங்கியது. ஆனாலும் அதை அவரிடம் சொல்லவில்லை. வீடுகளுக்கு நடுவே போகும் ஒழுங்கையின் முனையில் குவியும் குப்பைக்கு ஏதாவது செய்யலாமா, பெண்களைத் திரும்பவும் கூப்பிடலாமா என்று கேட்டார். நிறுவனத்தில் கேட்டுச் சொல்வதாகக் கூறிவிட்டு வந்தேன். அந்த வருடத் திட்டங்களில் குப்பை இருக்கவில்லை. அதைச் சொல்ல மட்டும் எப்படிப் போவது என்று தள்ளித் தள்ளிப் போட்டேன். திட்டம் இல்லாமலும் ஒரு மனிதரைப் பார்க்கப் போகலாம் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

இந்த வருடம் போனபோது அந்த அறையில் வேறொரு குடும்பம் இருந்தது. செயலாளர் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாராம். சகோதரர் வந்து சிலாபத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தாராம். எதிர்வீட்டுக்காரர் இவ்வளவும் சொல்லிவிட்டு வேலைக்குப் புறப்பட்டார். அந்த அறையின் வாசலில் ஓர் இளம் தாய் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்தக் குழாயை யார் கொண்டுவந்தது தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாது, மிஸ். நாங்க வரேக்கயே இருந்தது."

பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வருவதுண்டா என்றேன். இல்லை என்றாள். ஏன் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உள்ளே குழந்தை அழுதது. அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.